ஜெருசலேம் கிரீடம் – 9: தலையை வெட்டியவரே கிரீடத்தை வாங்கினார்

1268, அக்டோபர் 29. நேப்பிள்ஸ் நகரின் சந்தைத் திடலில், வெட்டுமேடைக்கு முன்னால் கொன்ராடினை நிறுத்திவிட்டுச் சென்ற வாரம் விடைபெற்றோம். அவனுக்கு வயது 16. கடைசி நிமிடத்தில் மன்னிப்பு வரும் என்று திடலில் நின்றவர்களில் சிலராவது நம்பியிருப்பார்கள். வரவில்லை.

மேடையிலிருந்து அவன் தன் கையுறையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினான், அதை ஒருவர் எடுத்துக்கொண்டுபோய் அரகோன் அரச குடும்பத்திடம் சேர்த்தார் என்று ஒரு கதை உண்டு. பின்னால் சிசிலி அதே அரகோன் குடும்பத்தின் கைக்குப் போனதை எல்லாம் பார்த்துவிட்டு, யாரோ முன்தேதி போட்டு எழுதிய கதை என்றே எனக்குப் படுகிறது. கையுறை விழுந்ததோ இல்லையோ, தலை விழுந்தது. கூடவே பிடிபட்ட நண்பன், பாடன் ஃபிரெடெரிக்கின் தலையும் விழுந்தது.

உத்தரவு போட்டவர் ஆஞ்சு சார்ல்ஸ். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் கடைசித் தம்பி. 1266 முதல் சிசிலியின் அரசர். அவருக்கு வேண்டியிருந்தது சிசிலியும் தென் இத்தாலியும். பாட்டனார் இரண்டாம் ஃபிரெடெரிக் ஆண்ட அந்தச் சீமைக்கு உரிமை கேட்டு ஆல்ப்ஸ் மலை தாண்டி வந்த பையன், தாலியாகோட்ஸோ போர்க்களத்தில் தோற்று, பின்னர் பிடிபட்டான். உயிரோடு விட்டால் மறுபடி வருவான். அதனால் வெட்டினார்கள். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தலைக்கு இன்னொரு கிரீடமும் சொந்தம். தகப்பன் இறந்த 1254 முதல், அதாவது 2 வயது முதல், கொன்ராடின்தான் ஜெருசலேமின் அரசன். பாட்டி இரண்டாம் இசபெல்லா வழியாக வந்த உரிமை. அவனும் ஜெருசலேமைப் பார்த்ததில்லை, அவன் தகப்பனும் பார்த்ததில்லை. பிள்ளை குட்டி இல்லாமல் அவன் செத்த அன்றே அந்தக் கிரீடம் கேட்பாரற்றுப் போனது. கேட்பாரற்ற சொத்துக்குத்தான் உலகத்தில் அதிகம் பேர் கேட்பார்கள்!

எந்த ராஜ்யத்துக்கு இந்தக் கிரீடம்? ஜெருசலேம் 1187இல் சலாதீனிடம் போனது. 1229இல் ஒப்பந்தத்தால் திரும்பக் கிடைத்தது. 1244இல் மறுபடியும் போனது, அதற்குப் பிறகு சிலுவைப் போர்க்காரர்கள் கைக்கு வரவே இல்லை. மிஞ்சியது ஆக்கர் என்ற துறைமுகமும், விவிலியத்தில் தீரு என்று வரும் துறைமுகமும், கடற்கரையோரமாகச் சில கோட்டைகளும். அதையும் எகிப்து சுல்தான் பைபர்ஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். 1265இல் செசரியா, அர்சூஃப். 1266இல் சஃபேத். கொன்ராடின் இறந்த அதே 1268இல் யாஃபா. அதே ஆண்டு மே மாதம், வடக்கே இன்னொரு சிலுவைப் போர் அரசான அந்தியோக்கியாவும் போயிற்று. தலைநகர் இல்லாத ராஜ்யம். நிலம் நாளுக்கு நாள் சுருங்குகிறது. அதற்குத்தான் இருவர் மல்லுக்கட்டினார்கள்.

இருவரின் உரிமையும் ஒரே பெண்ணிடமிருந்து வருகிறது. தொடரின் ஐந்தாம் வாரத்தில் வந்தாரே முதலாம் இசபெல்லா, அவர்தான். நான்கு முறை மணமுடித்தவர். முதல் திருமணத்தை அரசியல் காரணத்துக்காக ரத்து செய்துவிட்டு, 1190இல் மோன்ஃபெராட் கொன்ராடுக்குக் கட்டிவைத்தார்கள். 1192 ஏப்ரலில் தீரு நகரத் தெருவில் அவரை அசாசின்கள் என்ற ரகசியக் கொலைக் குழுவினர் குத்திக் கொன்றார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த இசபெல்லாவுக்கு எட்டே நாளில் ஷாம்பெய்ன் ஹென்றியோடு அடுத்த திருமணம். ஹென்றி 1197இல் ஆக்கர் அரண்மனை ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். நான்காவது கணவர் சைப்ரஸ் அரசர் எமெரி 1205இல் இறந்தார். மீனை அளவில்லாமல் தின்றதுதான் காரணம் என்பது அந்தக்கால நாளாகமங்களின் பேச்சு. ஒரு பெண்ணின் கழுத்தில் ராஜ்யத்தையே கட்டித் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இசபெல்லாவைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாம் கணவருக்குப் பிறந்த மகளின் வம்சம் கொன்ராடினோடு அற்றுப்போனது. அடுத்து, மூன்றாம் கணவர் ஹென்றிக்குப் பிறந்த ஆலிஸ். ஆலிஸின் மகள் வயிற்றுப் பேரன்தான் சைப்ரஸ் அரசர் மூன்றாம் ஹியூக். நான்காம் கணவர் எமெரிக்குப் பிறந்தவர் மெலிசெண்ட். அவருடைய மகள் அந்தியோக்கியா மரியா, திருமணம் செய்துகொள்ளாதவர். 1268இல் களத்தில் நின்றவர்கள் இந்த ஹியூக்கும் இந்த மரியாவும்.

இதில் ஒரு வேடிக்கை. ஹியூக்கின் தகப்பனாரும் மரியாவும் ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாயிடம் பிறந்தவர்கள். ஆக மரியா, ஹியூக்குக்கு சொந்த அத்தை. தாய் வழியில் எண்ணினாலோ, பாட்டியின் தங்கை மகள், அதாவது சித்தி. நம் ஊர் முறைப்படி ஒரே ஆள் அத்தையாகவும் சித்தியாகவும் இருக்க முடியாது. அங்கே முடிந்தது.

வழக்கு ஆக்கர் உயர்சபைக்கு வந்தது. இந்தச் சபையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். வாள் பிடித்த பிரபுக்களே அங்கே வழக்கறிஞர்கள், அவர்களே நீதிபதிகள். போர்க்களத்தில் எப்படியோ, வாதம் செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. யாஃபாவின் பிரபு இபெலின் ஜான் அந்தச் சபையின் சட்டங்களையும் நடைமுறைகளையும் ஒரு பெரிய நூலாகவே எழுதிவைத்திருந்தார். அவர் இறந்தது 1266இல். அதற்கு அடுத்த இரண்டே ஆண்டில் அவருடைய யாஃபா போனது. ஊர் போனாலும் சட்டப் புத்தகம் நின்றது.

மரியாவின் வாதம் எளிமையானது. “நான் முதலாம் இசபெல்லாவின் பேத்தி. ஹியூக் கொள்ளுப் பேரன். ரத்த உறவில் நான் ஒரு படி நெருக்கம்.” ஹியூக்கின் தரப்பு வேறு கோணத்தில் வந்தது. ஆலிஸ் மூத்தவர், மெலிசெண்ட் இளையவர். மூத்தவர் கிளைக்குத்தான் முதல் உரிமை. தவிர, கொன்ராடின் ஜெர்மனியில் வளர்ந்துகொண்டிருந்தபோது அவன் பெயரில் இங்கே ஆட்சியைப் பார்த்துக்கொண்டது யார்? ஹியூக்கின் தாயார் பார்த்தார், 1264 முதல் ஹியூக்கே பார்க்கிறார்.

அந்த 1264ஐக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். அப்போது பிரதிநிதிப் பதவிக்கு ஹியூக்கோடு போட்டி போட்டவர் அவருடைய பெரியம்மா மகன், பிரியென் ஹியூக். அவருடைய தாயார்தான் ஆலிஸின் மூத்த மகள். மூத்தவர் கிளைக்கு முதல் உரிமை என்பது சட்டமென்றால், அன்றைக்கு பிரியென் ஹியூக் ஜெயித்திருக்க வேண்டும். நம் ஹியூக் அன்று என்ன சொன்னார்? “கிளையைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். உறவில் இருவரும் ஒரே படி. வயதில் நான் மூத்தவன்.” சபையும் சரி என்றது. நான்கே ஆண்டுகள் கழித்து அதே ஹியூக், அதே சபையில், அதற்கு நேர் எதிரான வாதத்தை வைக்கிறார். 1264இன் தீர்ப்பை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் 1268இல் கிரீடம் அத்தைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

சபை ஹியூக்குக்கே தீர்ப்பளித்தது. காரணம் சட்டப் புத்தகத்தில் இல்லை. ஹியூக் சைப்ரஸின் அரசர். கூப்பிடு தூரத்தில் கப்பலும் குதிரைப்படையும் வைத்திருந்தவர். மரியாவிடம் இருந்தது வம்சாவளி மட்டும். வாசலில் பைபர்ஸ் நிற்கும்போது எந்தப் பிரபு வம்சாவளிக்கு ஓட்டுப் போடுவார்? பிரபுக்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரியா சொன்னார், விடாமல் சொன்னார்.

1269, செப்டம்பர் 24. தீரு தேவாலயத்தில் ஹியூக்குக்கு முடிசூட்டு விழா. சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே மரியாவின் ஆள் எழுந்து, இந்த முடிசூட்டு செல்லாது என்று எல்லோர் காதிலும் விழ ஆட்சேபத்தை அறிவித்தார். கிரீடம் ஹியூக்கின் தலையில் ஏறியது. ஆட்சேபம் பதிவில் ஏறியது. மரியாவுக்கு வேண்டியதும் அதுதான். உள்ளூரில் தோற்ற வழக்கை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோகக் கப்பல் ஏறினார். போன இடம் போப்பின் சபை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1274இல் லியோனில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தில் மரியாவின் வழக்கு ஒலித்தது. அப்போது போப், பத்தாம் கிரகோரி. புனித நாட்டு விவகாரம் அவருக்குப் புதிதல்ல. போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சேதி வந்தபோது அவர் ஆக்கரில்தான் இருந்தார். தீர்ப்பு எழுதித் தருவதற்குப் பதிலாக வேறொரு வழி அங்கே உருவானது. மரியாவிடம் உரிமை இருக்கிறது, படை இல்லை. படை இருக்கிற ஒருவர் அந்த உரிமையை விலைக்கு வாங்கிக்கொண்டால்?

இதற்கிடையே ஹியூக் என்ன செய்துகொண்டிருந்தார்? அரசராக இருக்க முயன்றுகொண்டிருந்தார். ஆக்கரில் அது சுலபமில்லை. வெனிஸ்காரர்களுக்குத் தனித் தெரு, ஜெனோவாக்காரர்களுக்குத் தனிப் பகை, டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற வீரத் துறவியர் சங்கங்களுக்குத் தனித்தனிக் கோட்டை. 1273இல் டெம்ப்ளர்களின் தலைவராக வந்த போஷூ கியோம், ஆஞ்சு சார்ல்ஸுக்கு உறவினர். அவர் ஹியூக்கை அரசர் என்ற கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. 1276இல் ஆக்கருக்குத் தெற்கே லா ஃபொகோனெரி என்ற கிராமத்தை டெம்ப்ளர்கள் விலைக்கு வாங்கினார்கள். அரசரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹியூக் முறையிட்டார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு கிராமம்தான். ஆனால் அரசரின் அனுமதி இல்லாமல் நிலம் கைமாறலாம் என்றால் அரசர் எதற்கு? அந்த அக்டோபரில் ஹியூக் மூட்டை கட்டினார். தனக்குப் பதிலாக ஒருவரையும் நியமிக்காமலே கிளம்பப் பார்த்தார். ஜெருசலேம் திருச்சபையின் முதுபெரும் தந்தை, ஹாஸ்பிட்டலர்கள், ஜெனோவாக்காரர்கள் எனப் பலரும் கெஞ்சினார்கள். டெம்ப்ளர்களும் வெனிஸ்காரர்களும் மட்டும், போகிறவர் போகட்டும் என்று இருந்துவிட்டார்கள். கடைசியில் இபெலின் குடும்பத்துப் பாலியனைப் பிரதிநிதியாக நியமித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இரவோடிரவாகச் சைப்ரஸுக்குக் கப்பல் ஏறினார். பட்டா ஒருவர் பெயரில், அனுபவம் இன்னொருவர் பெயரில் என்பார்களே, இங்கே அனுபவத்தில் இருந்தவரே வீட்டைப் பூட்டாமல் போய்விட்டார்.

இதைவிட நல்ல நேரம் வாங்குகிறவருக்கு வாய்க்காது. 1277 மார்ச்சில் கிரயம் முடிந்தது. ஜெருசலேம் ராஜ்யத்தின் மீது தனக்குள்ள உரிமை முழுவதையும் மரியா எழுதிக் கொடுத்தார். விலை: ரொக்கமாக 1,000 பொற்காசுகள், அதன்பின் பிரெஞ்சுப் பணத்தில் ஆண்டுக்கு 4,000 தூர் பவுண்டு. தாவீது ஆண்ட ஊரின் சிங்காசனம், முன்பணமும் ஆண்டுத் தொகையுமாகக் கைமாறியது.

வாங்கியவர் யார் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். ஆஞ்சு சார்ல்ஸ். ஜெருசலேம் அரசனின் தலையை நேப்பிள்ஸ் சந்தையில் எடுத்தவர், எட்டரை ஆண்டுகள் கழித்து அதே தலைக்கு உரிய கிரீடத்தைப் பணம் கொடுத்து வாங்கினார். இத்தனைக்கும் சுல்தான் பைபர்ஸோடு தூது அனுப்பி நல்லுறவு வைத்திருந்தவர் அவர். ஜெருசலேமை மீட்கவா வாங்கினார்? அவருடைய கண் கான்ஸ்டான்டிநோபிள் மீது இருந்தது. கிழக்கே ஒரு காலை ஊன்ற இடம் வேண்டும்; மலிவாக வந்தது, வாங்கினார்.

1277, ஜூன் 7. ஆக்கர் துறைமுகத்தில் சார்ல்ஸின் கப்பல்கள் நங்கூரம் போட்டன. இறங்கியவர் சான் செவரினோ பிரபு ரோஜர். ஒரு கையில் சிறு படை, இன்னொரு கையில் பத்திரங்கள். அவற்றில் சார்ல்ஸின் கையெழுத்து, மரியாவின் கையெழுத்து, போப் இருபத்தொன்றாம் ஜானின் கையெழுத்து. மூன்றாவது கையெழுத்துக்காரர் அதற்கு 18 நாள் முன்பே இறந்திருந்தார். வித்தெர்போ அரண்மனையில் அவர் தலைமேல் அறையின் கூரை இடிந்து விழுந்தது. ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதானே.

“கோட்டையை ஒப்படையுங்கள்” என்றார் ரோஜர்.

கோட்டைக்குள் இருந்த பாலியன் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் சத்தியம் செய்து கொடுத்திருந்தது ஹியூக்குக்கு. கதவைத் திறந்தால் ராஜ துரோகம். திறக்காவிட்டால் சண்டை, அதுவும் கிறிஸ்தவரோடு கிறிஸ்தவர், ஊருக்கு நடுவில். சைப்ரஸிலிருந்து ஒரு ஓலையும் இல்லை. டெம்ப்ளர்களும் வெனிஸ்காரர்களும் ரோஜருக்காக ஆயுதம் எடுக்கத் தயாராகிவிட்டார்கள். பாலியனுக்கு மிஞ்சியது இரண்டே கதவுகள்: முதுபெரும் தந்தையின் மாளிகை, ஹாஸ்பிட்டலர்களின் கோட்டை. ஹியூக் போக வேண்டாம் என்று எட்டு மாதம் முன்பு கெஞ்சியவர்கள் அவர்கள். இப்போது அவர் சிம்மாசனத்துக்காக வாளை உருவுவார்களா?

(தொடரும்)