கலப்பில்லாத இரத்தம் என்ற கதை

பிரனீஸ் மலைப்பக்கம் வாழும் பாஸ்க் மக்களின் மொழிக்கு உறவுமொழி எதுவும் இன்று உயிரோடில்லை. ஆர்எச் நெகட்டிவ் இரத்தமும் அவர்களிடம் அதிகம். இதை வைத்தே கலப்பற்ற ஆதி இனம் என்றார்கள். சபினோ அரானா இனத் தூய்மையை அரசியலாக்கி, பிழைக்க வந்த ஸ்பானியத் தொழிலாளரை இழித்தெழுதினார்.

எலும்புகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2015இல் அத்தாபுவேர்க்கா குகை எலும்புகளின் மரபணு, வந்தேறிய உழவரும் உள்ளூர் வேட்டையாடிகளும் கலந்த மரபைக் காட்டியது. 2019 ஆய்வில் ஸ்டெப்பி புல்வெளியாரின் கலப்பும் தெரிந்தது. இரும்புக் காலத்துக்குப் பின் கலப்பு குறைந்தது, அவ்வளவுதான்.

அதே மண்ணில், நவாராவின் பஸ்தான் பள்ளத்தாக்கில், பொசாத்தே என்றொரு சேரி. அங்கிருந்த அகோத்தேகள் பேசியதும் பாஸ்க்தான், கும்பிட்டதும் அதே ஏசுவைத்தான். ஆனாலும் கோயிலில் தனி இடம். வெளியே பெண் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது. தொழுநோயர் வம்சம் என்றார்கள். காது மடலே இல்லை என்றார்கள். (காதைப் பார்த்தாலே தெரிந்திருக்குமே!) 1515இல் போப் பத்தாம் லியோ சமமாக நடத்தச் சொன்னார், ஊர் கேட்கவில்லை. நவாராவில் சட்டம் வர மேலும் 300 ஆண்டுகள் ஆயின. சட்டம் வந்த பிறகும் பொசாத்தேக்காரருக்குப் பெண் கொடுக்க ஊரார் தயங்கினார்கள்.