கல்லைப் பேச வைத்த தம்பி

ஒரு மொழி எப்போது சாகிறது? அதை எழுதத் தெரிந்த கடைசி ஆள் போகும்போதா, பேசத் தெரிந்த கடைசி ஆள் போகும்போதா? எகிப்துக்காரர்களுக்கு இந்த இரண்டும் வெவ்வேறு காலத்தில் நடந்தன. நடுவில் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் இடைவெளி. ஷாம்போலியன் என்ற ஃபிரெஞ்சுக்காரர் ஜெயித்ததே அந்த இடைவெளியால்தான்.

கி.பி. 394, ஆகஸ்ட் 24. நைல் நதிக்கு நடுவே ஃபிலே தீவு. அங்கே கோயில் சுவரில் ஒரு பூசாரி சித்திர எழுத்தில் சில வரிகள் செதுக்கி, தேதியும் போட்டார். தேதியோடு நமக்குக் கிடைத்திருக்கும் ஹைரோகிளிஃப்களில் அதுதான் கடைசி. பறவை, பாம்பு, கண், சிங்கம் என்று மூவாயிரம் வருஷத்துக்கு மேல் எழுதப்பட்ட எழுத்து அதோடு முடிந்தது. கொஞ்ச காலத்தில் அதைப் படிக்கவும் ஆளில்லை.

ஆனால் மொழி சாகவில்லை. மக்கள் வீட்டில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கிறிஸ்தவர்களாக மாறிய எகிப்தியர்கள் அதே மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுத ஆரம்பித்தார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குப் பழைய எழுத்திலிருந்து ஆறேழு குறிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் "அம்மா, சாப்டாச்சா" என்று ஆங்கில எழுத்தில் மெசேஜ் அனுப்புகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதற்குப் பெயர் காப்டிக். ஏழாம் நூற்றாண்டில் அரபு ஆட்சி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவீதியில் அரபு, அப்புறம் வீட்டிலும் அரபு. காப்டிக் தேவாலயத்துப் பிரார்த்தனைக்குள் ஒதுங்கியது. அங்கே இன்றுவரை இருக்கிறது.

இந்தப் பக்கம் ஐரோப்பாவில், சித்திர எழுத்து என்றால் மந்திரம், தத்துவம், ரகசிய ஞானம் என்று ஆளாளுக்குக் கதை கட்டிக்கொண்டிருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கிர்ச்சர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் காப்டிக் படித்தவர், பெரிய அறிவாளி. அவரே ஓர் அரசனின் பெயரைப் பார்த்துவிட்டு அதை நீளமான தெய்வ ரகசியமாக மொழிபெயர்த்தார்! ஒவ்வொரு படத்துக்கும் ஆழ்ந்த பொருள் உண்டு என்ற நம்பிக்கை அத்தனை பலமாக இருந்தது.

1799 ஜூலையில் நெப்போலியனின் படைவீரர்கள் எகிப்தின் ரஷீத் ஊரில் கோட்டையைப் பழுது பார்க்கும்போது ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. அதுதான் ரொசெட்டாக் கல். கி.மு. 196இல் ஐந்தாம் டாலமி அரசனுக்காகப் பூசாரிகள் வெளியிட்ட ஓர் ஆணை அதில் மூன்று விதமாக இருந்தது: மேலே சித்திர எழுத்து, நடுவில் டெமாட்டிக் என்ற வேகமாக எழுதும் எகிப்திய எழுத்து, கீழே கிரேக்கம். கிரேக்கம் எல்லா அறிஞர்களுக்கும் தெரியும். அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கல் கிடைத்தும் 23 வருஷம் யாராலும் முடியவில்லை. சித்திர எழுத்துப் பகுதி பாதிக்கு மேல் உடைந்து போயிருந்தது. கல்லையும் ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்; 1802 முதல் லண்டன் மியூசியத்தில் இருக்கிறது. ஷாம்போலியன் உழைத்தது பிரதிகளை வைத்துத்தான்.

ழான் ஃபிரான்சுவா ஷாம்போலியன் பிறந்தது 1790 டிசம்பர் 23, ஃபிரான்சின் தென்மேற்கில் ஃபிஜாக் என்ற சின்ன ஊரில். அப்பாவுக்குப் புத்தகக் கடை. வீட்டில் கடைக்குட்டி இவர்தான். ஆனால் இவரை வளர்த்தது, படிக்க வைத்தது, பணம் அனுப்பியது எல்லாம் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன் ழாக் ழோசெஃப். அண்ணன் பிழைப்புக்காக கிரெனோபிள் நகரத்துக்குப் போய், உறவினரின் வியாபார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். காலூன்றியதும் 1801இல் பத்து வயசுத் தம்பியைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். வெளியூரில் வேலை கிடைத்ததும் தம்பியைக் கூட்டிவந்து படிக்க வைக்கும் அண்ணன்கள் நம்மிடமும் எத்தனை பேர்!

தம்பிக்கு மொழிப் பைத்தியம். லத்தீன், கிரேக்கம் போதாதென்று ஹீப்ரு, அரபு, சிரியாக் என்று போய்க்கொண்டே இருந்தார். 1807இல், பதினாறு வயதில், எகிப்திய ஊர்ப்பெயர்களைப் பற்றி கிரெனோபிள் கல்விக்கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். அடுத்து, அண்ணன் செலவில் பாரிஸ் படிப்பு. துணி கிழிந்துவிட்டது, பணம் அனுப்பு என்று அண்ணனுக்குக் கடிதங்கள் போயின. அண்ணன் வசதிக்காரர் இல்லை. ஆனாலும் அனுப்பினார்.

பாரிஸில் பெரிய பேராசிரியர்களிடம் அரபும் பாரசீகமும் படித்தார். ஆனால் இந்தக் கதைக்கு முக்கியமானவர் வேறொருவர். எகிப்தை விட்டு ஃபிரெஞ்சுப் படை திரும்பியபோது கூடவே சில எகிப்தியர்களும் ஃபிரான்சுக்கு வந்து குடியேறியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் யுஹன்னா ஷிஃப்டிஷி என்ற காப்டிக் பாதிரியார். பாரிஸின் செயின்ட் ரோக் தேவாலயத்தில் பூசை செய்துகொண்டிருந்தார். ஷாம்போலியன் அவரைத் தேடிப்போய்க் காப்டிக் உச்சரிப்பைக் கற்றுக்கொண்டார். பைத்தியம் முற்றி, தனக்குத்தானே காப்டிக்கில் பேசிக்கொள்வதாக அண்ணனுக்கு எழுதும் அளவுக்குப் போனது. பதினெட்டு வயதில் கிரெனோபிளில் வரலாற்று உதவிப் பேராசிரியர் வேலையும் கிடைத்தது.

அப்புறம் அரசியல். 1815இல் நெப்போலியன் தீவிலிருந்து தப்பித்து கிரெனோபிள் வழியாக வந்தபோது அண்ணன் தம்பி இருவரும் அவர் பக்கம் நின்றார்கள். நெப்போலியன் தோற்றார். அரசர் திரும்பி வந்தார். 1816இல் இருவரையும் சொந்த ஊரான ஃபிஜாக்குக்கே நாடு கடத்துவதுபோல் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தும் நிம்மதி இல்லை. 1821இல் கிரெனோபிளில் இருந்த வேலையும் போயிற்று. முப்பது வயது, கல்யாணம் ஆனவர், உடம்பு சரியில்லை, வேலை இல்லை. எங்கே போவது? மறுபடியும் அண்ணனிடம்தான். அண்ணன் அப்போது பாரிஸில் இருந்தார். மசரின் தெருவில் இருந்த அந்த வீட்டில்தான் முடிச்சு அவிழ்ந்தது.

போட்டிக்கும் ஆள் இருந்தார். லண்டனில் தாமஸ் யங் என்ற மருத்துவர், ஒளி அலையாகச் செல்கிறது என்று சோதனையால் காட்டிய அதே யங். முட்டை வடிவ வளையத்துக்குள் எழுதப்பட்டவை அரசர் பெயர்கள் என்று பிடித்து, டாலமி பெயரில் சில எழுத்துகளைச் சரியாகவே படித்து, 1819இல் வெளியிட்டுவிட்டார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஷாம்போலியன் அதைத் தாராளமாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. ஆனால் யங் அதற்கு மேல் போக முடியவில்லை. காரணத்துக்கு வருகிறேன்.

முதலில் ஷாம்போலியன் செய்தது ஒரு சின்னக் கணக்கு. ரொசெட்டாக் கல்லில் கிரேக்கச் சொற்கள் 486. மிச்சமிருக்கும் சித்திரக் குறிகளோ 1,419. ஒரு படம் ஒரு சொல் என்றால் எண்ணிக்கை எப்படி இவ்வளவு தள்ளிப்போகும்? ஆக, ஒலியும் இருக்க வேண்டும்.

அடுத்து, ஃபிலே தீவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஒரு தூணில் இருந்த எழுத்தின் பிரதி 1822 ஜனவரியில் கைக்கு வந்தது. அதில் கிளியோபாட்ரா பெயர். 'ப்டோலமிஸ்', 'க்ளியோபாட்ரா' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பெயரில் முதலாவதாக வரும் 'ப்' குறி இரண்டாவதில் ஐந்தாவது இடத்தில் வர வேண்டும். வந்தது! 'ல்' ஒலிக்கான சிங்கம் இரண்டாவது இடத்தில் வர வேண்டும். வந்தது! 'ஒ'வும் சரியாக உட்கார்ந்தது. இப்படி ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயர் என்று எழுத்துகள் சேர்ந்தன.

ஆனால் இவையெல்லாம் கிரேக்க, ரோமானிய ஆட்சியாளர்களின் பெயர்கள். வெளிநாட்டுப் பெயரை ஒலியாக எழுதியிருப்பார்கள், சொந்த மொழியைப் படமாகத்தான் எழுதியிருப்பார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். யங் நின்றதும் அங்கேதான்.

1822 செப்டம்பர் 14. கிரேக்கர் வருவதற்கு ஆயிரம் வருஷம் முந்தைய அபு சிம்பெல் கோயிலின் சித்திரப் பிரதிகள் வந்தன. ஒரு வளையத்துக்குள் முதலில் ஒரு வட்டம், சூரியன். கடைசியில் தெரிந்த 'ஸ்' இரண்டு. நடுவில் ஒரு குறி. ரொசெட்டாக் கல்லில், கிரேக்கம் 'பிறந்தநாள்' என்று சொல்லும் இடத்தில் அதே குறி இருக்கிறது. காப்டிக்கில் சூரியனுக்கு 'ரே'. பிறப்பிப்பதற்கு 'மிசெ'. ரே... ம்... ஸ்... ஸ்... ராம்செஸ்! அடுத்த பெயரில் ஐபிஸ் பறவை, அது தோத் கடவுள். பிறகு அதே குறி. தோத்மெஸ்! இரண்டும் பழைய நூல்களில் பெயராக மட்டும் இருந்த எகிப்திய அரசர்கள்.

அண்ணன் வேலை பார்த்த கல்விக் கழகக் கட்டடத்துக்கு ஓடிப்போய், "கிடைத்துவிட்டது!" என்று கத்திவிட்டு மயங்கி விழுந்தார், பல நாள் எழுந்திருக்கவில்லை என்று குடும்பத்தில் சொல்வார்கள். செப்டம்பர் 27ஆம் தேதி அறிஞர்கள் சபையில் தன் கண்டுபிடிப்பை வாசித்தார். யங்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த எழுத்து எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழில் சொன்னால் சுலபமாகப் புரியும். ஓடுகிற ஆற்றை வரைந்து, 6 என்ற எண்ணைக் குறிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஆறு' என்ற ஒலிக்காகப் படம். எகிப்தியர்கள் உயிரொலியை எழுதுவதில்லை. நாம் 'ம', 'ல' என்று மட்டும் எழுதினால் மலையா, மாலையா, மூலையா? அதனால் கடைசியில் ஒலியில்லாத ஒரு படம் போடுவார்கள். சூரியன் போட்டால் சாயங்கால மாலை, பூ போட்டால் கழுத்து மாலை. ஒலி, பொருள், குறிப்பு மூன்றும் ஒரே வரியில் கலந்திருக்கும். இந்தக் கலவையை அவர் 1824இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

யோசித்துப் பாருங்கள். 'ஆறு' என்ற சொல் தெரியாதவனுக்கு ஆற்றுப் படத்தை எத்தனை நாள் காட்டினாலும் 6 வருமா? இதுதான் ஷாம்போலியனுக்கும் யங்குக்கும் வித்தியாசம். யங் புதிரைக் கணக்காகப் போட்டார். ஷாம்போலியன் காதில் அந்த மொழியே ஓடிக்கொண்டிருந்தது.

1826இல் லூவர் மியூசியத்தின் எகிப்தியப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அதுவரை எகிப்தைக் கண்ணால் பார்த்ததில்லை! 1828இல்தான் போனார். நைல் நதி நெடுக வாதி ஹல்ஃபா வரை கோயில் கோயிலாகப் படித்துக்கொண்டே போனார். அரசர்களின் பள்ளத்தாக்கில் நான்காம் ராம்செஸின் கல்லறைக்குள்ளேயே தங்கினார். நினைவுச்சின்னங்களைக் காப்பாற்றச் சொல்லி எகிப்தை ஆண்ட முகமது அலிக்கு மனுவும் கொடுத்தார்; அதே பயணத்தில் முதலாம் செட்டி கல்லறையிலிருந்து ஒரு புடைப்புச் சிற்பத்தை வெட்டி ஃபிரான்சுக்கும் எடுத்துவந்தார். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1831இல் அவருக்காகவே பாரிஸில் பேராசிரியர் பதவி உருவானது. சில வகுப்புகள்தான் எடுத்தார். 1832 மார்ச் 4 அன்று பக்கவாதத்தில் இறந்தார். வயது 41.

இலக்கணமும் அகராதியும் கையெழுத்துப் பிரதியாகவே நின்றன. சால்வோலினி என்ற மாணவர் கொஞ்சம் தாள்களைத் திருடித் தன் பெயரில் வெளியிட்டார். அவற்றை மீட்டு, வரிசைப்படுத்தி, 1836இல் இலக்கணத்தையும் 1841 முதல் அகராதியையும் அச்சேற்றியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே அண்ணன். தம்பி சொன்னது சரிதானா என்ற சந்தேகம் பல காலம் ஓயவில்லை. 1866இல் தானிஸ் என்ற இடத்தில் இன்னொரு மும்மொழிக் கல் கிடைத்தது. ஷாம்போலியன் வகுத்த வழியில் அதன் சித்திர எழுத்தைப் படித்துக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டால், பொருந்தியது. அப்போது அண்ணன் உயிரோடு இருந்தார். 1867இல், 88 வயதில்தான் காலமானார்.

நம் நாட்டு விஷயமும் ஒன்று. சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஐராவதம் மகாதேவன் அந்தக் குறிகளை எல்லாம் தொகுத்து 1977லேயே வெளியிட்டார். ஆனாலும் ஏன் நிற்கிறது? ரொசெட்டா மாதிரி இருமொழிக் கல் இல்லை என்பது ஒரு காரணம். அது எந்த மொழி என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி உறுதியாகவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அதனால்தான் எனக்கு அந்த செயின்ட் ரோக் பாதிரியார் ஞாபகமாகவே இருக்கிறார். பாரோக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அந்நிய ஊரில், பக்கத்தில் யாருக்கும் புரியாத தன் மொழியில் பிரார்த்தனை செய்தார், அவ்வளவுதான். அவருக்கு முன்னால் எத்தனையோ தலைமுறைகளும் அவ்வளவுதான் செய்தன. புனேயிலோ டெல்லியிலோ நம் பிள்ளைகள் தமிழ் எழுத்து தடுமாறினாலும் பரவாயில்லை, பிறகு ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். எழுத்து போனால் கல்லிலிருந்து கூட மீட்கலாம். வீட்டில் பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.