தூசிப்படைக்கு ஒரு குரோமார்ட்டி

‘சக்கிகக்கே!! குரொமட்டி கோக்கோ’ என்பது சப்பானிய மங்கா ஒன்றின் பெயர். நோனகா எய்ஜி எழுதி வரைந்த இந்நகைச்சுவைப் படக்கதை, ‘ஷோனென் மேகசின்’ வார இதழில் 2000 முதல் 2006 வரை வெளிவந்து 17 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. 2002இல் கோடான்ஷா மங்கா விருதும் அதற்குக் கிடைத்தது. போக்கிரிகளே நிறைந்த ஒரு மேனிலைப்பள்ளியில் (அதுவே ‘கோக்கோ’) நன்றாகப் படிக்கும் கமியாமா என்னும் ஒருவன் மட்டும் வந்து சேர்கிறான். அங்குள்ளோர் அடித்துக்கொள்வதைவிட, இறுகிய முகத்தோடு ஒன்றுமில்லாத செய்திகளைப் பற்றி வாதிடுவதே மிகுதி. கதையைப் படித்துச் சிரித்தவர் பலர். சொல்லை நேசிக்கும் நமக்கோ, அட்டையில் நிற்கும் பெயரே போதும்.

முதலில் ‘சக்கிகக்கே’. ‘சக்கி’ என்றால் முனை, முன்; ‘கக்கே’ என்பது பாய்ந்தோடுதலைக் குறிக்கும் வினையினின்று வந்தது. இரண்டும் கூடும்போது பின்மொழியின் வல்லோசை மெலிகிறது. சப்பானியர் அதற்கெனத் தனிக்குறி இட்டு எழுதுவர். தமிழில் எழுதிப் பாருங்கள், வேலையே இல்லை: உயிரிடை நின்ற ககரம் ‘மகன்’ என்பதிற்போலத் தானே மெலிந்தொலிக்கிறது, இரட்டித்த ககரம் ‘மக்கள்’ என்பதிற்போலத் தானே வலிக்கிறது. இடமறிந்து ஒலிக்கும் எழுத்தை வைத்திருக்கும் மொழிக்கு இப்படிச் சில சிறு மகிழ்ச்சிகள் உண்டு. பொருளோ, எல்லார்க்கும் முன்னே பகைவர் அணிக்குள் பாயும் வீரனின் செயல், அவ்வீரன், எதிலும் முந்தி நிற்பவன் என விரிந்தது. நம்மிடமும் இதற்கு ஈடான சொல்லுக்குப் பஞ்சமில்லை: தார், கொடிப்படை, தூசி. முன்செல்லும் படைக்குத் ‘தூசி’ என்ற பெயர் வந்தது அது கிளப்பும் புழுதியாலா என்று கேட்கத் தோன்றும். விடை எதுவாயினும், அச்சொல்லை உச்சரிக்கும்போது குதிரைக் குளம்பு கேட்கிறது.

‘சக்கிகக்கே’யைத் தலைப்பில் எழுதும் சீன எழுத்தும் சுவையானது. அதன் ஒரு கூறு பேயைக் குறிப்பது, மற்றொன்று அகப்பையை. வானத்து எழுமீனைச் சீனர் அகப்பையாகக் கண்டனர். அதன் கிண்ணப் பகுதிக்கு வழங்கிய பெயரே தலை, தலைவன், முதல்வன் என்று மண்ணுக்கு இறங்கியது.

இத்தனை மிடுக்கான சொல்லை நோனகா எங்கிருந்து எடுத்தார்? மியாஷிதா அகிரா 1985 முதல் 1991 வரை ‘ஷோனென் ஜம்ப்’ இதழில் வரைந்த ‘சக்கிகக்கே!! ஒத்தொக்கொஜுக்கு’ என்னும் மங்காவிலிருந்து. ‘ஒத்தொக்கொ’ ஆண்மகன், ‘ஜுக்கு’ தனிப்பயிலகம். ஆண்மைக்கு இலக்கணம் கற்பிக்கும் முரட்டுப் பள்ளியின் கதை அது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வியப்புக்குறிகளைக்கூட விடாமல் அத்தலைப்பைப் பெயர்த்தெடுத்து, ‘ஆடவர் பயிலகம்’ நின்ற இடத்தில் ‘குரோமார்ட்டி’ என்னும் ஓர் அயலாரின் குடும்பப் பெயரை நிறுத்திவிட்டார் நோனகா. முழங்கி வந்த சொல் ஒன்று, எதிர்பாராத ஊரில் வண்டியை விட்டு இறங்குகிறது.

அந்த ஊர் உண்மையாகவே ஓர் ஊர்தான். ஸ்காட்லாந்தின் வடகிழக்கே, கடல் நிலத்துக்குள் நுழையும் கழிமுகத்தில் குரோமார்ட்டி என்னும் சிறு துறைமுகம் இருக்கிறது. அதன் கேலிக் மொழிப் பெயர் ‘குரோம்ப’. முதற்பகுதியாகிய ‘குரோம்’ அம்மொழியில் ‘வளைந்த’ என்று பொருள்படும் என்பதில் அறிஞர்க்கு ஐயமில்லை; எஞ்சிய பகுதி விரிகுடாவா, நிலமுனையா என்பதில்தான் வழக்கு. எப்படியாயினும் வளைந்த கரையின் பெயர், நம் கோடிக்கரையைப் போல. (கோடு என்பது வளைவையும் குறிக்கும், கோடி என்பது முனையையும் குறிக்கும், இரு சிக்கலும் நமக்குப் பழக்கமே.) 1703இல் இவ்வூர்ப் பெயரால் ஒரு பிரபுப் பட்டம் உண்டாயிற்று, இன்றும் அப்பட்டத்தை எழுதுவது குடும்பப் பெயருக்குரிய எழுத்துக்கூட்டலிலேதான். ஊர்ப்பெயர் குடிப்பெயராகி அத்திலாந்திக்கைக் கடந்தது.

1953இல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் பிறந்த வாரன் குரோமார்ட்டி, மொன்றியால் எக்ஸ்போஸ் அணியில் அடிபந்தாட்டம் ஆடிப் பெயர் பெற்றபின், 1984இல் டோக்கியோவின் யோமியூரி ஜயன்ட்ஸ் அணிக்கு வந்தார். ஏழாண்டு ஆடினார்; 1989இல் .378 என்ற அடிவிகிதத்தோடு சென்ட்ரல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துவிட்டுக் காவலிடத்துக்குத் திரும்பியதும், பார்வையாளரை நோக்கிக் கைகளை உயர்த்தி அவர்களை ‘பான்சாய்’ என்னும் வாழ்த்தொலி எழுப்ப வைப்பது அவர் வழக்கம். அன்புக்கு மட்டுமன்றிச் சினத்துக்கும் அவர் பெயர் நினைவுகூரப்படும்: 1987இல் குமமோட்டோவில் தம் மேனியில் பந்தெறிந்த வீச்சாளரை ஓடிச்சென்று குத்தினார். குத்துப்பட்டவர் பெயர் மியாஷிதா! ‘ஆடவர் பயிலகம்’ வரைந்தவர் பெயரும் மியாஷிதா. தற்செயல் ஒற்றுமைதான், இருப்பினும் பெயராராய்வோன் இதைக் கண்டும் காணாமல் போக முடிவதில்லை.

சப்பானிய நாவில் இப்பெயர் பட்ட பாட்டைக் கேளுங்கள். மொழிமுதலில் இரு மெய் சேர்ந்து வருவதை அவர்களும் பொறுப்பதில்லை, நாமும் பொறுப்பதில்லை. இருவரும் ஓர் உகரத்தை இடையிட்டுக் ‘குரோ’ என்றே தொடங்கினோம். இடையில்தான் பிரிகிறோம். அசையை ரகரமெய்யில் முடிக்க அவர்களால் ஆகாது. எனவே அதனை விழுங்கிக் ‘குரொமட்டி’ என்றனர். ரகர ஒற்றின் பின் டகரம் வருவதை நம் மெய்ம்மயக்கமும் ஏற்பதில்லை, ஆனால் ‘கார்ட்டூன்’ என்று எழுதி எழுதிக் கண்ணுக்குப் பழகிவிட்டோம். ஈற்று ‘ட்டி’யும் அவர்களுக்கு எளிதில் வந்ததன்று. பழைய கடன்சொற்களில் அவ்வொலி ‘ச்சி’யாகவே மாறும், டீம் ‘ச்சீமு’ ஆனதும் டிக்கெட் ‘ச்சிக்கெத்தோ’ ஆனதும் அவ்வாறே. பிற்பட வந்த பெயராதலின் குரோமார்ட்டிக்கு, சிறிய இகரக்குறி சேர்த்து எழுதும் புதுவழி கிடைத்தது. இத்தனைக்கும் மேல், ‘குரொ’ என்பது சப்பானியத்தில் கருமையைச் சுட்டும் சொந்தச் சொல். கருஞ்சட்டைச் சீருடை அணிந்த போக்கிரிகளின் பள்ளிக்கு அவ்வோசை எவ்வளவு பொருந்துகிறது! நோனகா இதை எண்ணியிருக்க வேண்டியதில்லை. ஓசை தானாகவே செய்யும் வேலைகளும் உண்டு.

போக்கிரிக்கு அங்கே வழங்கும் சொற்களும் ஒரு கூட்டம். பொதுச்சொல் ‘ஃபுர்யோ’: சீனத்தினின்று வந்த ‘அல்லாத’, ‘நல்ல’ என்னும் இரு கூறுகளால் ஆனது. பழுதுபட்ட சரக்கு, வாராக் கடன், செரியாமை, எல்லாம் ஃபுர்யோ. தறுதலைப் பிள்ளையும் ஃபுர்யோ. தீயவன் என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் நல்லன் அல்லன் என்று நிறுத்திக்கொள்ளும் இந்த எதிர்மறை நாகரிகம், நம் ‘பொல்லாத’ பையனிடமும் இருக்கிறது. பள்ளித் தலைவனாகிய முரடனுக்குப் ‘பன்ச்சோ’ என்று பெயர். பழங்காலத்தில் அது அரண்மனைக் காவலர்க்குள் ஒரு சிறு பதவி. 1980களில் பரவிய ‘யான்க்கீ’ என்னும் வழக்கு ஒசாகாப் பக்கம் கிளைத்தது. அமெரிக்கரைச் சுட்டும் சொல்லிலிருந்து வந்தது என்பர் பலர், அவ்வட்டார வழக்கின் வாக்கிய ஈற்றிலிருந்து வந்தது என்பர் சிலர். முந்தையதே சரியென்றால், அமெரிக்கர் பெயர் கொண்ட போக்கிரிக்கு அமெரிக்கர் பெயர் கொண்ட பள்ளி அமைந்தது முறைதானே!

அண்டைப் பள்ளிகளும் அயல்நாட்டு ஆட்டக்காரர் பெயரையே தாங்குகின்றன: டெஸ்ட்ராட மேனிலைப்பள்ளி, பாஸு மேனிலைப்பள்ளி. பின்னது ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் ரேண்டி பாஸ் பெயர். அவ்வணியின் உரிமைக் குழுமம் பேருந்தும் ஓட்டியதால், ‘பஸு’ என்று பதிந்தால் செய்தித்தாள்கள் ‘ஹன்ஷின் பஸ் நின்றது’ என்று கேலி செய்யும் எனக் கருதி முதலெழுத்தை நீட்டினர் என்று சொல்வர். குறிலை நெடிலாக்கி மானம் காத்த கதை!

பிறர் தலைப்பில் குடியேறுவது நோனகாவுக்குப் புதிதன்று. முந்தைய படைப்பு ‘கச்சோ பக்கா இச்சிதாய்’, அதாவது ‘பிரிவுத் தலைவர்: ஒரு பித்தரின் வாழ்நாள்’. 1970களில் புகழ்பெற்ற கராத்தே மங்கா ஒன்றின் தலைப்பில் கராத்தேயை எடுத்துவிட்டு அலுவலக நாற்காலியைப் போட்டிருக்கிறார். ‘பக்கா’ என்னும் வசைச்சொல்லைக் குதிரை, மான் என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதுவர். வேர், புத்தத் துறவியர் கொண்டுவந்த ‘மோக’ என்னும் வடசொல் என்பது ஒரு கருத்து. அது மெய்யானால், நாம் மையலுக்கு வைத்துக்கொண்ட ‘மோகம்’ அவர்களிடம் மடமையாய் நிற்கிறது, தொலைவு அதிகமில்லை. வரைமுறையிலும் இதே கைவண்ணம்: மங்கா ஓவியர் இக்கெகாமி ரியோய்ச்சியின் வீறார்ந்த, நிழல் செறிந்த முகங்களைப் போல வரைந்து, அவ்வாய்களில் வெற்றுப் பேச்சை வைக்கிறார்.

மாந்தர் பெயர்களில் இக்கலை முற்றுகிறது. ஹயாஷிதா தோப்புவயல், மயேதா முன்வயல், தக்கெனோஉச்சி மூங்கிலுள். இம்முரடர்கள் பெரும்பாலும் மருதத்துப் பெயரினர். இயந்திரனே மாணவனாய் அமர்ந்திருக்கிறான், பெயர் மெக்கஜவா: ‘மெக்கா’ என்னும் கடன்சொல்லோடு சதுப்பைக் குறிக்கும் ‘சவா’ புணர, சகரம் மெலிந்து ஊர்ப்புறக் குடும்பப் பெயராகவே ஒலிக்கிறது. அதனாலோ என்னவோ, அவன் இயந்திரன் என்பது வகுப்பில் பெரும்பாலோர்க்குத் தெரிவதேயில்லை. வாய் திறவாத மீசைக்காரனின் இயற்பெயர் தெரியாமல், பாடகர் ஒருவரை ஒத்திருப்பதால் ‘ஃப்ரெடி’ என்கின்றனர். ஹொக்குத்தோ என்பவனின் அடியாள், தன் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் எவனாவது குறுக்கே பேசிவிடுகிறான்.

2005இல் இம்மங்கா திரைப்படமாக வெளிவரவிருந்தபோது, பெயருக்குரிய வாரன் குரோமார்ட்டி தம் இசைவின்றித் தம் பெயரை எடுத்தாண்டதாக நீதிமன்றத்தை நாடினார். ஓர் ஊர் தன் வளைந்த கரையால் பெற்ற பெயரை, குடும்ப வழியே பெற்றவர் தமதென்று கேட்டார். படம் அவ்வாண்டே திரைக்கு வந்தது; மறு ஆண்டு மங்கா முடிந்தது.