கைத்தொழில் காத்த கலை

ஒரு நாட்டின் பொருள்நிலையும் சமுதாய நிலையும் மாறுந்தோறும் அந்நாட்டுக் கலையும் மாறுகின்றது. சென்னையில் தற்கால ஓவியம் தோன்றிய வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

முன்னாளில் ஓவியரைக் கோயிலும் அரசவையும் புரந்தன. 1855-இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுற்றபோது, அவ்வாதரவில் வாழ்ந்தோர் வேறு புரவலரை நாடவேண்டியதாயிற்று. அதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னரே, 1850-இல், அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். கைத்தொழில்களைச் செம்மைப்படுத்துவதே அதன் தொடக்கநாள் நோக்கம்.

மேனாட்டிலும் இத்தகைய மாறுதலே நிகழ்ந்தது. 1839-இல் புகைப்படக்கலை வெளிப்பட்டபின், உருவத்தை உள்ளவாறே தீட்டிப் பிழைத்த ஓவியரின் தொழில் தளர்ந்தது. 1874-இல் பாரிசு நகர ஓவியர் சிலர், அரசு சார்ந்த கண்காட்சியை எதிர்பாராது, தாமே ஒரு கண்காட்சி நடத்தினர்.

சென்னைப் பள்ளிக்கு 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. மெரினாக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பெற்ற அவரது உழைப்பாளர் சிலையைக் கண்டோர் பலர். பாறையை நெம்பும் நான்கு தொழிலாளரே அதன் தலைவர்கள். மன்னர்க்கும் ஆளுநர்க்கும் சிலையெடுத்த நகரில், உழைப்பவனுக்கும் இடம் கிடைத்த காலம் அது.

அவருக்குப்பின் 1957-இல் தலைமையேற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கம் கண்டவரும் அவரே. பள்ளியில் பயின்று வெளிவந்த இளைஞரின் புதிய ஓவியங்களை வாங்குவார் அரியராயினர். பலர் வேறு அலுவல் தேடித் தூரிகையைத் துறந்தனர். இதனைக் கண்டு வருந்திய பணிக்கர் ஒரு வழி வகுத்தார். மெழுகிட்டுச் சாயந்தோய்க்கும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை ஓவியர் கூடிச் செய்து விற்றனர். அவ்வருவாய்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தனர். துணி வயிற்றைக் காத்தது. அதனால் ஓவியம் எவர் விருப்பத்திற்கும் வளையாது வளர்ந்தது. அக்கிராமம் இன்றும் நிலைத்துள்ளது.

லம்பா லைனில் வாழும் நம் குடும்பங்களிலும் படம் வரையும் பிள்ளைகள் உளர். “இது சோறு போடுமா?” என்று பெற்றோர் கேட்பது இயல்பே, கடல் கடந்துவந்து உழைத்து நிலைபெற்ற குடும்பங்கள் அவ்வாறுதான் கேட்கும். அக்கேள்வியைச் சோழமண்டலத்தார் புறக்கணிக்கவில்லை. கையில் ஒரு தொழிலையும் நெஞ்சில் ஒரு கலையையும் ஒருங்கே வளர்த்து அதற்கு விடை கண்டனர். நம் பிள்ளைகட்கும் அவ்விரண்டையும் அளிப்போமாக!