வீட்டிலிருந்தே நோய்ப் பராமரிப்பு: சென்னை ஆய்வு முதல் இ-சஞ்சீவனி வரை

நாள்பட்ட நுரையீரல், இதய நோய் உள்ளவர் தம் வீட்டிலிருந்தே மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, அறிகுறிகளைக் கவனித்து, தேவையானபோது மருத்துவ உதவியை நாடுவது தன்மேலாண்மை எனப்படும். இன்று இது இணையத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. ஆனால் தமிழகத்தில் இதன் வேர் 1956-இல் தொடங்கிய ஒரு காசநோய் ஆய்வில் உள்ளது.

சென்னை ஆய்வு

அக்காலத்தில் காசநோயாளிகள் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவதே வழக்கம். மருத்துவர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கியது அத்தகைய ஒன்று. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் போதவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. வாலஸ் பாக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர்.

வீட்டில் இருந்தோருக்கு நல்ல உணவும் ஓய்வும் குறைவு. பலர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ஆயினும், 1959-இல் வெளியான முடிவுகளின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் இருந்த உறவினர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. இந்த முடிவு பல நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையை மாற்றியது.

வீட்டு நோயாளிகள் தனித்து விடப்படவில்லை என்பது இங்கே முக்கியமானது. அவர்கள் மையத்துக்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

கைப்பேசியின் வருகை

இதே கண்காணிப்பைக் கைப்பேசி வழியாகச் செய்யும் '99டாட்ஸ்' முறை 2010-களில் இந்தியாவில் உருவானது. மாத்திரையை உறையிலிருந்து எடுக்கும்போது மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு நோயாளி கட்டணமின்றி அழைத்தால் மருந்து எடுத்ததாகப் பதிவாகும். இதற்குத் திறன்பேசியோ எழுத்தறிவோ பெரிதாகத் தேவையில்லை.

கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணொளியில் சந்திக்க இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவையை மத்திய அரசு தொடங்கியது. விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவிடும் கருவியும் அப்போது பல வீடுகளுக்கு வந்தது.

வீட்டு வாசலில் மருந்து

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்குப் பெண் தன்னார்வலர்கள் வீட்டிலேயே சோதனை செய்து மருந்து வழங்குகின்றனர். இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன.

செய்யாறு, ஆரணி வட்டாரக் கூலி நெசவாளரைப் போன்றவர்களுக்கு இது பெரிய செய்தி. மருத்துவமனை வரிசையில் ஒரு நாள் நின்றால் அன்றைய தறி வேலை போகும். வேலை போகாதிருக்க மாத்திரையை நிறுத்தினால் இரத்த அழுத்தம் சத்தமின்றி இதயத்தைப் பாதிக்கும். காணொளி ஆலோசனை பயணத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் நல்ல இணைப்பும், கருவியைக் கையாளத் தெரிந்தவரும் வேண்டும். முதியோர் பலருக்கு வாசலுக்கு வரும் தன்னார்வலரே அந்த இணைப்பாகிறார்.

சென்னை ஆய்வு காட்டிய பாடம் இன்றும் மாறவில்லை: வீட்டில் சிகிச்சை சாத்தியம், நோயாளியைத் தொடர்ந்து விசாரிக்க ஒருவர் இருக்கும்வரை.