துணைநின்றோர் வரலாறு: மலேசியாவில் குடும்ப வன்முறைக்கு எதிரான பணியும் தமிழ்ப் பெண்களும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் தோட்டம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, அரசியல் கட்சி ஆகிய நான்கையும் விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். கணவனால் அடிபட்ட பெண் இரவில் எந்தக் கதவைத் தட்டினாள், அக்கதவைத் திறந்தவர் யார் என்னும் வினா இவ்வரலாறுகளில் பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளான பெண்களுடன் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் உடன்சென்று பேசியோரின் பணி இந்நாட்டில் எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அதில் தமிழ்ப் பெண்களின் நிலையையும் இக்கட்டுரை நோக்குகின்றது. இப்பணியாளரை வழக்கறிஞர் என்பது பொருந்தாது. அவர்களுள் பெரும்பாலோர் சட்டம் பயின்றவரல்லர். ‘ஆதரவாளர்’ என்றால் அரசியல் வாடை வீசுகிறது. ஆகவே ‘துணைநிற்போர்’ என்னும் சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

தோட்டச் சூழலிலிருந்து தொடங்குவதே முறையாகும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மலாயாவில் இருந்த இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்களே இருந்தனர். லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் கூரையும் போயிற்று. கணவனை விட்டு வெளியேறும் பெண்ணுக்குப் போக்கிடம் பெரும்பாலும் மற்றோர் ஆணின் வீடாகவே இருந்தது. அவ்வாறு அவள் சென்றபோது சட்டம் அதனைக் குடும்பத் துயரமாகக் காணவில்லை. கணவனுக்கு உரியதை மற்றொருவன் கவர்ந்த குற்றமாகவே கண்டது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி இங்கு வந்த தண்டனைச் சட்டத் தொகுப்பின் 498ஆம் பிரிவு, பிறன் மனைவியைத் தீய நோக்குடன் அழைத்துச் செல்வதையும் மறைத்து வைப்பதையும் குற்றமாக்கியது. அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ஆய்வு நூல், காலனிய அதிகாரிகள் இத்தகைய வழக்குகளில் தோட்டத்துப் பெண்ணை எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதையும், அப்பெண்களே சட்டத்தைத் தம் தேவைக்கேற்ப எவ்வாறு கையாண்டனர் என்பதையும் எடுத்துக்காட்டுகின்றது. ஓடிப்போனவள் என்று ஆவணம் பதிவு செய்த பெண்களுள் எத்தனை பேர் உண்மையில் தப்பிப் பிழைத்தவர்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் முறையிடும் இடங்கள் இல்லாமல் இல்லை. கங்காணி, கிராணி, துரை, கோயில் பஞ்சாயத்து எனப் பல படிகள் இருந்தன. ஆனால் அவை யாவும் சண்டையை அமர்த்தி, மறுநாள் பெரட்டுக்கு இருவரையும் வரச்செய்வதையே நோக்கமாகக் கொண்டிருந்தன. ‘சேர்த்து வைத்தல்’ என்பதே தீர்வு. பெண்ணின் பக்கம் நின்று, அவள் சேர விரும்புகிறாளா என்று கேட்பதற்கென ஒருவரும் இருந்ததில்லை.

1982ஆம் ஆண்டு இரு வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள், 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் ஒருதார மணமாகவும் பதிவு பெற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. அதே ஆண்டில் டபிள்யூ.ஏ.ஓ. எனப்படும் பெண்கள் உதவி அமைப்பு பெட்டாலிங் ஜெயாவில் நாட்டின் முதல் அடைக்கல இல்லத்தைத் தொடங்கியது. முகவரி வெளியிடப்படாத ஒரு வீடு, ஒரு தொலைபேசி, சில தொண்டர்கள். இப்பணியின் தொடக்கம் இவ்வளவுதான். வெளியேறும் பெண்ணுக்கு மற்றோர் ஆணின் வீடல்லாத ஒரு கூரை முதன்முறையாகக் கிடைத்தது என்பதே இதன் வரலாற்றுச் சிறப்பு எனலாம்.

1985 மார்ச்சில், பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த இருநாள் பயிலரங்கும் கண்காட்சியும் பெட்டாலிங் ஜெயாவில் நடைபெற்றன. பெண்கள் உதவி அமைப்பு, பெண் வழக்கறிஞர் சங்கம், மலாயாப் பல்கலைக்கழக மகளிர் சங்கம், மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் மகளிர் பிரிவு, சிலாங்கூர் கூட்டரசுப் பிரதேசப் பயனீட்டாளர் சங்கம் ஆகியவை அங்குக் கூட்டாகச் செயல்பட்டன. பினாங்கு, சபா, சரவாக் ஆகிய இடங்களிலும் அதே ஆண்டளவில் இத்தகைய அமைப்புகள் தோன்றின. ‘அவாம்’ என்னும் அனைத்து மகளிர் செயல் இயக்கம் 1988இல் பதிவு பெற்றது. ஆசிரியப் பணியைத் துறந்து இயக்கப் பணிக்கு வந்தவரும் பின்னாளில் தெனகானித்தாவை நிறுவியவருமான ஐரின் பெர்னாண்டஸ் அதன் தலைவராகச் சில ஆண்டுகள் இருந்தார். 1987இல் கோலாலம்பூரில் ஒரு சிறுமி கொடூரமாகக் கொலையுண்ட நிகழ்ச்சி பொதுமக்களை வீதிக்கு அழைத்தது. 1989இல் வன்புணர்வுக்கான குறைந்தபட்சத் தண்டனை ஐந்தாண்டுச் சிறை என வரையறுக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் முந்தைய பாலுறவு வாழ்வைக் குறித்து நீதிமன்றத்தில் வினவுவதும் சாட்சியச் சட்டத் திருத்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டது.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கதை இவ்வளவு விரைவானதன்று. 1985இல் எழுந்த கோரிக்கை 1994இல்தான் நாடாளுமன்றத்தில் சட்டமாயிற்று. அது நடைமுறைக்கு வந்த நாள் 1996 ஜூன் 1. இத்தாமதத்திற்கு முதன்மையான காரணம், இச்சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்துமா என்னும் வினா. குடும்பச் சட்டமாக இயற்றினால் முஸ்லிம்களைப் பொறுத்தவரை அது மாநிலங்களின் சமய அதிகார வரம்புக்குள் சென்றுவிடும். எல்லாப் பெண்களுக்கும் ஒரே பாதுகாப்பு வேண்டும் என்று இயக்கத்தினர் உறுதியாக நின்றனர். மனைவியை அடிக்க மார்க்கம் இசைகின்றதா என்பதை ஆராய்ந்து சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் அமைப்பு 1991இல் வெளியிட்ட சிறுநூலும் இவ்விவாதத்திற்கு வலுவூட்டியது. முடிவில் சட்டம் தண்டனைச் சட்டத் தொகுப்போடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டிய குற்றவியல் சட்டமாக அமைந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. குற்றவியல் சட்டம் என்பதால், இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பெறுவதற்குக் காவல்துறையில் புகாரும் விசாரணையும் தேவைப்பட்டன. ஆனால் சாதாரணக் காயம் விளைவித்தல் அன்று காவல்துறை தானாக விசாரிக்கக்கூடிய குற்றமன்று. அரசு வழக்கறிஞர் தரப்பின் ஆணை வரும்வரை பெண் காத்திருந்தாள். அக்காத்திருப்பை அவளோடு பகிர்ந்துகொண்டதே துணைநின்றோரின் பெரும்பணியாயிற்று. இக்குறை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. உள்ளம் சார்ந்த துன்புறுத்தலும் அப்பொழுதே வன்முறையின் வரையறைக்குள் வந்தது. சமூகநல அதிகாரியே ஏழு நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம் என்னும் ஏற்பாடு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி வந்தது.

தமிழாய்வாளர் கவனிக்கத் தவறிய ஒரு கூறு இச்சட்டத்தின் இரண்டாம் பிரிவில் உள்ளது. கணவன் மனைவி என்போருள், சமயப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு செய்துகொண்டு அதனைப் பதிவு செய்யாதவரும் அடங்குவர் என்று அது கூறுகின்றது. கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்தளித்து, பதிவு அலுவலகத்தின் பக்கமே செல்லாத தமிழ்க் குடும்பங்கள் 1982க்குப் பின்னும் பல உண்டு. சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் அத்திருமணத்தின் செல்லுபடி ஐயத்துக்குரியதாயிற்று; மணவிலக்கு, சொத்து, வாழ்வூதியம் என எதனைக் கேட்கச் சென்றாலும் ‘பத்திரம் எங்கே?’ என்பதே முதற்கேள்வி. ஆனால் அடியிலிருந்து பாதுகாப்புக் கேட்கும்போது மட்டும் தாலியே போதிய சான்றாகும் என்று ஒரு சட்டம் ஏற்றுக்கொண்டது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையிலான இப்பிளவை நம் பெண்களுக்கு எடுத்துக் கூறிய தமிழ்ப் பாடநூலோ வானொலி நிகழ்ச்சியோ என் கண்ணிலும் காதிலும் பட்டதில்லை. அதனைக் கூறியவர்கள் துணைநின்றோரே.

1990களின் நடுப்பகுதியில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில், பாதிக்கப்பட்ட பெண் பல இடங்களுக்கு அலையாமல் ஒரே அறையில் மருத்துவரையும் காவல்துறையினரையும் ஆலோசகரையும் காணும் மையம் அமைக்கப்பட்டது. 1996இல் சுகாதார அமைச்சு இதனைப் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவுபடுத்தப் பணித்தது. தொண்டூழியர்களின் அனுபவம் அரசின் நடைமுறையாக மாறியமைக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

இவ்விடத்தில் சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிட வாசகர் இடமளிக்க வேண்டும். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துத் திரும்பிய புதிதில், ஓர் அமைப்பின் வேண்டுகோளின்படி சில பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றுவந்தேன். தோட்டத்தில் பிறந்து நகர்ப்புற அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த ஓர் அம்மா தம் புகாரை முன்னரே தனியாகச் சென்று அளித்திருந்தார். ‘அவர் அடிக்கடி கை நீட்டுவார்’ என்று அவர் தமிழில் சொன்னதை, உடனிருந்த யாரோ சொல்லுக்குச் சொல் மலாயில் பெயர்த்திருக்கிறார்கள். மலாயில் கை நீட்டுதல் என்பது உதவிக்கரம் நீட்டுதலாகும். பல ஆண்டுகள் பட்ட அடி, புகார்த் தாளில் கணவரின் உதவும் குணமாகப் பதிவாகியிருந்தது. விசாரணை அதிகாரி குழம்பியதில் வியப்பில்லை. புதிய புகார் ஒன்றை எழுதி முடிக்க எங்களுக்கு ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. ‘வீட்டில் பிரச்சினை’, ‘குடித்துவிட்டால் ஒரு மாதிரி’, ‘என்னைச் சும்மா விடமாட்டார்’ என நம் பெண்கள் பேசும் மொழி முழுவதும் இவ்வாறு மறைத்துச் சொல்லும் மொழியே. ஒவ்வொரு தொடருக்கும் எந்த நாள், எந்தக் கை, எந்தப் பொருள் என்று மெல்லக் கேட்டு விடை பெற வேண்டும். ‘சும்மா விடமாட்டார்’ என்பதன் பொருளை அந்த அம்மா மூன்றாம் சந்திப்பில்தான் கூறினார்.

அவர் கூறியதற்கு அன்று சட்டத்தில் பெயரே இல்லை. கணவன் மனைவியை வன்புணர்தல் குற்றமன்று என்னும் விதிவிலக்கு மலேசியத் தண்டனைச் சட்டத்தில் இன்னும் நீடிக்கின்றது. 2007இல் நடைமுறைக்கு வந்த 375அ பிரிவு, காயம் விளைவித்தோ அச்சுறுத்தியோ மனைவியுடன் உறவு கொள்ளும் கணவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கின்றது. ஆயினும் அதனை வன்புணர்வு என்று அழைக்கவில்லை. அண்டை நாடான சிங்கப்பூர், 2020 ஜனவரி 1 முதல் இவ்விதிவிலக்கை முற்றாக நீக்கிவிட்டது.

சட்டத்தின் சொல்லைக் குறை கூறும் நாம் நம் சொல்லையும் நோக்க வேண்டும். இந்நாட்டுத் தமிழ் நாளேடுகள் நெடுங்காலம் ஆண்ட சொல் ‘கற்பழிப்பு’ என்பதாகும். குற்றம் செய்தவன் ஒருவன். அழிந்ததாகச் சொல்லப்படுவதோ அவளுடையது. தன் கற்பு அழிந்தது என்று தானே கையொப்பமிட்டுக் கூற வேண்டிய நிலையில் ஒரு பெண் புகாரை எவ்வாறு தொடங்குவாள்? பெண்ணியச் செயற்பாட்டாளர்களும் படைப்பாளர்களும் வலியுறுத்தியதன் பயனாக ‘வன்புணர்வு’, ‘பாலியல் வல்லுறவு’, ‘பாலியல் வன்கொடுமை’ ஆகிய சொற்கள் பரவியுள்ளன. ஆயினும் என் மாணவர்தம் கட்டுரைகளில் பழைய சொல் இன்றும் தலைகாட்டுகின்றது. சிவப்பு மையால் அடிக்கோடிடும்போதெல்லாம், இது வெறும் சொல்லாட்சிப் பிழையா என்று தயங்கி, பிறகு ஓரத்தில் இரண்டு வரி விளக்கம் எழுதுகிறேன்.

498ஆம் பிரிவு 2023 டிசம்பர் வரை உயிரோடிருந்தது. அம்மாதம் 15ஆம் நாள், கணவனுக்கு மட்டுமே முறையிடும் உரிமை தரும் அப்பிரிவு அரசமைப்பின் சமத்துவ விதிக்கு முரணானது எனக் கூட்டரசு நீதிமன்றம் அறிவித்தது. லயத்து வீட்டிலிருந்து வெளியேறிய பெண்ணைக் கவர்ந்து செல்லப்பட்டவளாகக் கண்ட அப்பிரிவு, முதல் அடைக்கல இல்லத்தின் கதவு திறந்து நாற்பத்தோர் ஆண்டுகள் சென்ற பின்னரே மறைந்தது.