வடலூரின் பாட்டும் அடுப்பும்

1866ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகள் பஞ்சத்தால் வாடின. அடுத்த ஆண்டு மே 23ஆம் நாள், கடலூரை அடுத்த வடலூரில் இராமலிங்க அடிகளார் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். அதற்கென எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. அவ்வடுப்பு இன்றளவும் அணையாதிருப்பதை யாவரும் அறிவர். அதே 1867இல்தான் அவருடைய பாடல்கள் ‘திருவருட்பா’ என்னும் பெயரில், தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் அச்சேறின. இவ்விரண்டையும் நாம் சேர்த்து எண்ணிப் பார்ப்பதில்லை.

சிதம்பரத்தையடுத்த மருதூரில் 1823இல் பிறந்த அடிகளார் அந்தாதியும் மாலையும் பாட வல்லவர். எனினும் கண்ணி, கும்மி, பந்தாடற் பாட்டு எனப் பெண்களும் பிள்ளைகளும் கூடிப் பாடும் வடிவங்களையும் விரும்பி எடுத்தாண்டார். எழுத்தறியா உழவர் மிகுந்திருந்த காலம் அது. ஏடு எட்டாத குடிசைக்கும் கும்மி எட்டும்.

தருமச்சாலையின் கிளைகளாக அவர் வகுத்தவற்றுள் வைத்தியசாலையும் ஒன்று. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றை உட்கொள்ளுமாறும், நீரைக் காய்ச்சிப் பருகுமாறும் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார். காலராக் கிருமியை இராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884இல். அடிகளார் மறைந்ததோ 1874இல். காரணம் அறிந்து சொன்னார் என்று நாம் மிகைபடக் கூற வேண்டியதில்லை. வேலியோரத்து மூலிகையும் வீட்டு அடுப்பும் காசில்லாதவனுக்கும் கிடைக்கும். அதுவே அம்மருத்துவத்தின் சிறப்பு.

இப்பாடல்களுக்கு ‘அருட்பா’ என்னும் பெயர் தகுமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வினவினார். தேவார திருவாசகங்களுக்குரிய மதிப்பை இவற்றுக்குத் தரலாகாது என்பது அவர் கொள்கை. பகை முற்றி, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. பாட்டைப் பற்றியே வழக்கு நடந்ததாகப் பலர் கூறுவர். அஃது அன்று, சிதம்பரம் கோயிலில் தம்மை இழித்துப் பேசினர் என்று நாவலர் தொடுத்த வழக்கு அது. தமிழ் உரைநடைக்கு நாவலர் ஆற்றிய தொண்டு பெரிது. அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆயினும், பசித்து வந்தோர் உண்ட ஊரில் பிறந்த பாட்டின் தகுதியை ஏட்டறிவு மட்டுமே அளந்துவிட முடியுமா?

இருவரும் மறைந்த பின்னரும் பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை அவற்றை ‘மருட்பா’ என்று முழங்கியபோது, அருட்பாவுக்காக எழுந்து வாதிட்டவருள் முன்னின்றவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிய அதே பெரும்புலவர். சைவர் தமக்குள் தொடுத்த சொற்போரில் ஒரு முஸ்லிம் புலவருக்கு என்ன வேலை என்று அருட்பா அன்பர்கள் கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் அவரை யானைமீதேற்றி ஊர்வலமாக அழைத்துச் சென்றனர் என்பர்.